வால்வு கிடைக்கும், டிரான்ஸ்பார்மர்தான் கிடைக்காது

பழைய வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன்னால் இருந்த கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயரையோ, ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் ஒரே பெட்டியில் இருக்கும் ரேடியோகிராமையோ தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான். "இதுக்கு வால்வு இப்ப எங்க கிடைக்கும்?" கவலை நியாயம்தான், ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் அது இல்லை. இஎல் 84, இஎல் 34, இசிசி 83 போன்ற வால்வுகளை ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் தயாரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், கிட்டார் வாசிப்பவர்கள் புண்ணியத்தில் அந்தச் சந்தை சாகவில்லை. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் அறுபதுகளில் செய்த வால்வுகளும் பழைய ரேடியோ கடைக்காரர்களின் டிரங்குப் பெட்டியில் டப்பா பிரிக்காமல் இன்னும் அகப்படுகின்றன. கிடைக்காதது டிரான்ஸ்பார்மர். வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கிற அவுட்புட் டிரான்ஸ்பார்மர் ஒன்று கருகிவிட்டால், அதே அளவில், அதே பட்டையோடு, அதே ஓட்டையில் உட்காரும் இன்னொன்று உலகத்தில் எங்கேயும் விற்பனைக்கு இல்லை. அதனால் என் வேலையில் பாதிக்கு மேல் அந்த டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றுவதுதான், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

செட்டிநாட்டுப் பக்கம் என்னிடம் வருகிறவை இரண்டு சாதி. ஒன்று வீட்டுச் சாமான். பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர்கள் கப்பலில் கொண்டுவந்த பிலிப்ஸ், டெலிஃபங்கன், கிரண்டிக் ரேடியோக்களும் ரேடியோகிராம்களும். இன்னொன்று ரேடியோ செட் கட்டுகிறவர்களின் மைக் செட் ஆம்ப்ளிஃபயர், அதாவது கல்யாணம், காதுகுத்து, காவடி என்று குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊரெல்லாம் பாட்டுப் போட்ட இரும்புப் பெட்டி. பெரும்பாலும் 807 வால்வு இரண்டு போட்டது. ஒலியோடு இந்த மண்ணுக்குப் பழைய உறவு உண்டு. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் கிராமபோன் ரெக்கார்டு வியாபாரத்தில் தொடங்கியவர், நாற்பதுகளில் ஸ்டுடியோவையே தேவகோட்டை ரஸ்தாவில் வைத்திருந்தவர். அதனால்தானோ என்னவோ, இங்கே பல வீடுகளில் பாட்டுப் பெட்டியை மேஜை நாற்காலியோடு சேர்க்காமல் தனி மரியாதையோடு வைத்திருந்தார்கள்.

பொருள் வருகிற வழியும் கொஞ்சம் சுற்றுவழிதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் பெட்டி அழகாக இருக்கும், உள்ளே சேசிஸ், அதாவது பாகங்கள் பூட்டிய இரும்புத் தட்டு, இருக்காது, ஏனென்றால் மரப் பெட்டிக்குத்தான் அங்கே விலை. சேசிஸைத் தனியாகக் காயலான் கடைக்குத் தள்ளிவிடுவார்கள், செம்புக்காக. எனக்கு இது நிஜமாகவே வயிற்றெரிச்சல். இரும்பு எடைக்குப் போகிற அந்தச் சேசிஸில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் இன்னொரு செட்டுக்கு உயிர். கடைக்காரரிடம் சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார், எடை விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் போதும். வீட்டிலிருந்து நேராக வாங்குவது வேறு கதை. எத்தனை புள்ளியோ, அதாவது எத்தனை குடும்பமோ, அத்தனை பங்கு, இரண்டாம் கட்டு அறையைத் திறக்கவே சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பங்காளிகள் சம்மதிக்க வேண்டும். பள்ளத்தூரில் ஒரு ஆச்சி என்னிடம், "எங்க அப்பச்சி பினாங்குலேருந்து கொண்டாந்தது தம்பி, விக்கிறதுக்கில்ல, ஆனா பாடணும்" என்றார்கள். இந்தக் கட்டுரையில் சொல்வதில் பாதி அந்த ரேடியோகிராமில் கைவைத்த வேலை.

சரி, வேலைக்கு வருவோம். முதல் விதி: பல வருஷம் கிடந்த செட்டை, பாடுகிறதா பார்க்கலாம் என்று பிளக்கில் சொருகவே கூடாது. கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். "ரெண்டு நிமிஷம் நல்லாப் பாடுச்சு, அப்புறம் புகை வந்துச்சு" என்பார்கள். அந்த இரண்டு நிமிஷத்தில்தான் டிரான்ஸ்பார்மர் போகிறது. முதலில் பின்பலகையைக் கழற்றி, தூசியை பிரஷ்ஷால் தட்டி, பல்லி முட்டையையும் கரையான் புற்றையும் எடுத்து, எலி கடித்த வயர் எது, ரப்பர் உதிர்ந்து வெறும் கம்பியாக நிற்பது எது என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஐம்பதுகளில் வந்த சில செட்டுகளில் ரப்பர் உறை தொட்டாலே பொடியாக உதிரும். அப்படி இருந்தால் அந்த வயரை ஒவ்வொன்றாக, ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் புதியதைப் போட்டு, அதற்கு அப்புறம் அடுத்தது என்று மாற்றுங்கள். மொத்தமாகக் கழற்றிவிட்டால் எது எங்கே போனது என்று சொல்ல யாரும் இல்லை.

அடுத்து, கரண்ட் இல்லாமலே மல்டிமீட்டரில் டிரான்ஸ்பார்மர்களைப் பார்த்துவிடுங்கள். மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரின் ஹெச்.டி. (அதிக வோல்ட்) சுற்றில் நடுமுனையிலிருந்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே ஓம் காட்ட வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரி சில நூறு ஓம் காட்டும். ஒன்றுமே காட்டவில்லையா, மனசு விட்டுவிடாதீர்கள். மயிரிழை மாதிரிக் கம்பி அது, பெரும்பாலும் வெளிமுனை லக்கில் சால்டர் செய்த இடத்தில்தான் பச்சை பூத்து அறுந்திருக்கும். மேல்தாளை மெதுவாக நீக்கி, லென்ஸ் வைத்துப் பார்த்தால் அறுந்த நுனி தெரியும். எனாமலைச் சுரண்டி, மெல்லிய வயர் ஒன்றைச் சேர்த்து இழுத்துக்கொண்டால் டிரான்ஸ்பார்மர் பிழைத்துக்கொள்ளும். நாலு மணி நேரம் ஆனாலும் அந்த வேலைக்கு ஈடு இல்லை.

கரண்ட் கொடுக்கும்போது சீரிஸ் லாம்ப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை ஃபேஸ் லைனில் தொடராகப் போடுவது, அவ்வளவுதான். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், செட் தப்பிக்கும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது, இழை உள்ள குண்டு பல்புதான் வேண்டும். இப்போது அதுவே கடைகளில் அருகிவருகிறது, கண்ணில் பட்டால் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை, ஏசியை டிசியாக்குகிற ரெக்டிஃபயர் வால்வைக் கழற்றிவிட்டு வெறும் டிரான்ஸ்பார்மரை மட்டும் அரைமணி நேரம் ஓடவிட்டு, கையால் தொட்டுப் பார்க்கும் சூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தொடும்முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது டிரான்ஸ்பார்மரைக் கொல்லுகிற ஆசாமி யார் என்று பார்ப்போம். வால்வு இல்லை. மெழுகு வடிந்து பழுப்பேறி நிற்கிற பேப்பர் கண்டன்சர், அதிலும் முன்வால்வின் ஆனோடுக்கும் (அதிக வோல்ட் நிற்கிற முனை) அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கும் (பாட்டு உள்ளே நுழைகிற முனை) நடுவில் நிற்கிற ஒரே ஒரு கப்ளிங் கண்டன்சர். அதன் வேலை பாட்டை விடுவது, டிசியைத் தடுப்பது. நம்ம ஊர் ஈரத்திலும் வெக்கையிலும் அதன் தாள் காப்பு கெட்டு, கொஞ்சம் கொஞ்சமாக டிசியைக் கசியவிடும். கிரிட்டில் ஓரிரு வோல்ட் பாசிட்டிவ் ஏறினாலே போதும், அவுட்புட் வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், அந்தக் கரண்ட் முழுக்க அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் மெல்லிய கம்பி வழியாகத்தான் போகிறது. பாட்டு கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், வீட்டில் இருப்பவர்கள் பழசுதானே என்று விட்டுவிடுவார்கள், ஒரு நாள் கருகிய வாசனை வரும்.

பள்ளத்தூர் ரேடியோகிராமில் இதை நேரிலேயே பார்த்தேன். இஎல் 84-ஐக் கழற்றிவிட்டு, சீரிஸ் லாம்ப்போடு ஓடவிட்டு, சாக்கெட்டின் 2-ஆம் பின்னில் மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் முள் மெதுவாக மேலே ஏறிக்கொண்டே போனது. வால்வு இல்லாமலே ஏறுகிறது என்றால் கசிவது கண்டன்சர்தான், வால்வைக் குறை சொல்ல முடியாது. ஒரு கண்டன்சர், பத்து இருபது ரூபாய் சாமான். 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் ஃபிலிம் கண்டன்சர் அதே மதிப்பில் போட்டதும் முள் அசையவே இல்லை. வால்வைத் திரும்பச் சொருகி 3-ஆம் பின்னில், அதாவது கேத்தோடில், பார்த்தேன்: 135 ஓம் ரெசிஸ்டர் மேல் 7 வோல்ட். 7-ஐ 135-ஆல் வகுத்தால் 52 மில்லி ஆம்பியர், 250 வோல்ட்டில் இஎல் 84-க்கு ஆனோடும் ஸ்கிரீனும் சேர்ந்து வரவேண்டிய கணக்கு கிட்டத்தட்ட அதுதான். இந்த ஒரு அளவை எடுக்காமல் எந்த செட்டையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பேப்பர் கண்டன்சர்களை ஒன்றுவிடாமல் மாற்றிவிடுவேன், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும். மெயின்ஸ் வயர் இரண்டுக்கும் குறுக்கே நிற்பதற்கு எக்ஸ்2 ரகம், மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போவதற்கு ஒய் ரகம். சாதாரணக் கண்டன்சரை அந்த இடத்தில் போட்டால் உயிருக்கு ஆபத்து. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் காலப்போக்கில் மதிப்பு ஏறிவிடும், 220 கிலோ ஓம் என்று நிறம் சொல்லும், மீட்டர் 350 காட்டும். ஒரு காலைத் தூக்கிவிட்டு அளந்து, இருபது சதவீதத்துக்கு மேல் விலகியதை மட்டும் மாற்றினால் போதும். அலுமினிய டப்பா எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் 32+32 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) அதே வடிவில் கிடைக்காது, ஆனால் டப்பாவை அடியில் வளையமாக அறுத்து உள்ளிருப்பதை எடுத்துவிட்டு 33 எம்எஃப்டி, 450 வோல்ட், 105 டிகிரி கண்டன்சர் இரண்டை உள்ளே வைத்து மூடிவிடலாம். மேலே பார்க்கிறவருக்கு அது அன்று வந்த டப்பாதான். இதை ஏமாற்று என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. செட்டின் முகம் மாறாமல் உள்ளுறுப்பு பத்திரமாக ஓடுவதுதானே வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் உள்ளுக்குள்ளேயே கருகிப் போயிருந்தால்? வைண்டிங்தான். இங்கே எல்லா ஊரிலும் வைண்டிங் கடை உண்டு, போர்வெல் மோட்டாரும் ஃபேனும் சுற்றுகிறவர்கள், கை சுத்தமான ஆட்கள். ஆனால் ஆடியோ டிரான்ஸ்பார்மர் வேறு சமாசாரம், நாம் கணக்கோடு போய் நிற்க வேண்டும். செத்த டிரான்ஸ்பார்மரைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணி, கம்பியின் கனத்தை கேஜ் வைத்துப் பார்த்து, எந்த அடுக்குக்கு மேல் எது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிரைமரியை இரண்டாகப் பிரித்து நடுவில் செகண்டரியைச் சுற்றியிருந்தால் அப்படியேதான் சுற்ற வேண்டும், அதை விட்டுவிட்டு ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றினால் மேல்சுருதி மங்கிப்போகும். நல்ல டிரான்ஸ்பார்மர் கையில் இருக்கும்போதே அளந்து வைத்துக்கொள்வது இன்னும் சுலபம். பிரைமரியில் 12 வோல்ட் ஏசி கொடுத்து செகண்டரியில் அளந்தால் 0.33 வோல்ட் வந்தது என்று வையுங்கள், விகிதம் 36-க்கு 1. 36-ஐ 36-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் பெருக்கினால் 5184, இஎல் 84 ஒற்றை வால்வுக்கு வேண்டிய 5.2 கிலோ ஓம் அது. 3000 சுற்று பிரைமரி என்றால் செகண்டரி 83.

தேவகோட்டையில் எனக்குச் சுற்றிக்கொடுக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். முதல் தடவை சுற்று எல்லாம் கச்சிதம், ஆனால் கோர் அடுக்கும்போது 'ஈ' பட்டையையும் 'ஐ' பட்டையையும் மாற்றி மாற்றி, ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் என்று கோக்க ஆரம்பித்தார். "இதுல அப்படிப் போடக் கூடாதுண்ணே, 'ஈ' எல்லாம் ஒரே பக்கம், 'ஐ' எல்லாம் எதிர்ப்பக்கம், நடுவுல ஒரு தாள்" என்றேன். "அப்படிப் போட்டா கோர் லூசா நிக்குமே, அடிச்சுக்கிட்டு ஹம் வராதா?" என்று கேட்டார். ஒற்றை வால்வு செட்டில் பிரைமரி வழியாக 48 மில்லி ஆம்பியர் டிசி விடாமல் ஓடிக்கொண்டிருக்கும், இடைவெளி இல்லாமல் கோத்தால் இரும்பு அந்த டிசியிலேயே நிறைந்துவிடும், பாட்டுக்கு இடமிருக்காது, தவில் அடி எல்லாம் தகரமாகக் கேட்கும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பட்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தவர், "அப்ப டியூப்லைட் சோக்கு மாதிரின்னு சொல்லுங்க" என்றார். அதேதான்! சோக்கிலும் கோரில் இடைவெளி விட்டுத்தான் அடுக்குவார்கள். அன்றிலிருந்து அவரிடம் நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: ஒற்றை வால்வு என்றால் சோக்கு, இரட்டை வால்வு புஷ்புல் என்றால் மாற்றிக் கோப்பது. புஷ்புல்லில் இரண்டு பக்க டிசியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் இடைவெளி தேவையில்லை. சுற்றி முடித்ததும் வார்னிஷில் முக்கி நன்றாகக் காயவைக்கச் சொல்லுங்கள், அவசரப்படுத்தாதீர்கள், கொடுக்கிற காசில் பேரம் பேசாதீர்கள். மோட்டார் சுற்றினால் அவருக்கு அதைவிட அதிகம் கிடைக்கும், நம்மேல் இருக்கிற பிரியத்தில்தான் செய்கிறார்.

வால்வு மாற்று பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேர் தெரியாமல் பலர் நல்ல சரக்கைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இஎல் 84-ம் 6பிக்யூ5-ம் ஒன்றே, ரஷ்யக்காரர்களின் 6பி14பி-யும் அந்த இடத்தில் அப்படியே உட்காரும். இசிசி 83-தான் 12ஏஎக்ஸ்7. இசிஎல் 86 கிடைக்கவில்லையா, பழைய கறுப்பு வெள்ளை டிவி மெக்கானிக்கிடம் பிசிஎல் 86 கேளுங்கள். உள்ளே அதே வால்வு, ஹீட்டர் மட்டும் 13.3 வோல்ட், 300 மில்லி ஆம்பியர், அதற்கொரு சின்ன டிரான்ஸ்பார்மர் தனியாக வைத்தால் தீர்ந்தது. இசிஎல் 82-க்குப் பிசிஎல் 82 அதேபோல, ஹீட்டர் 16 வோல்ட். ஆனால் இதையே பிடித்துக்கொண்டு இஎல் 84-க்குப் பதில் பிஎல் 84 போடாதீர்கள், எண்தான் ஒன்று, அது இஎல் 86-இன் குடும்பம், குறைந்த வோல்ட்டில் வேலை செய்கிற வேறு வால்வு. மைக் செட் 807-க்கு ரஷ்யாவின் ஜி-807 உண்டு. 6எல்6 அதன் உறவுதான் என்றாலும் 807-இன் உச்சித் தொப்பிக்கு 500, 600 வோல்ட் போகிற செட்டில் சாதாரண 6எல்6 தாங்காது. ஸ்டேஷன் சரியாகப் பிடித்ததைப் பச்சை வெளிச்சத்தில் காட்டுகிற மேஜிக் ஐ இஎம் 80-க்கு 6இ1பி. பச்சை மங்கிப்போன பழைய கண்ணுக்கு மட்டும் வைத்தியமே இல்லை.

ரெக்டிஃபயர் வால்வு இல்லை என்றதும் அடியில் இரண்டு டயோடு வைத்துவிடுகிற பழக்கம் இருக்கிறது, கேட்க சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 5யு4 வால்வு தனக்கென்று 40, 50 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், டயோடு எதையும் எடுத்துக்கொள்ளாது, அந்த வோல்ட் எல்லாம் அவுட்புட் வால்வின் தலையில் ஏறும். மற்ற வால்வுகள் சூடாகும்முன்பே முழு வோல்ட்டும் வந்து நிற்கும். 300-0-300 டிரான்ஸ்பார்மர் என்றால் சுமையில்லாமல் 424 வோல்ட், நம்ம ஊர் லைன் பத்து சதவீதம் ஏறினால் 466, கண்டன்சரின் மேல் எழுதியிருப்பது 450. டயோடு போட்டே ஆக வேண்டுமென்றால் தொடர் ரெசிஸ்டரும் அதிக வோல்ட் கண்டன்சரும் சேர்த்துப் போடுங்கள்.

லைன் வோல்டேஜும் இதே கதைதான். செட்டின் பின்னால் செலக்டர் 220-இல் நிற்கும், ராத்திரி நேரத்தில் வீட்டு லைன் 245 காட்டும், அப்போது 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7 வோல்ட் போகிறது. இப்போது கிடைப்பதற்கரிய வால்வை வைத்துக்கொண்டு இப்படி எரிக்கக் கூடாது. 18 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்றின் செகண்டரியை லைனுக்கு எதிர்த்திசையில் தொடராகப் போட்டால் 227-க்கு இறங்கும், ஹீட்டர் 6.5-இல் நிற்கும். தனி டப்பாவில் வைத்து ஃபியூஸோடு செட்டுக்கு வெளியே வைத்துவிட்டால் உள்ளே எதையும் தொட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை, இதைப் படித்துவிட்டு யாரும் அவசரமாகக் கைவைக்கக் கூடாது என்பதற்காக. டிரான்ஸ்பார்மரே இல்லாத ஏசி/டிசி செட்டுகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. வால்வின் பேர் 'யு' என்று தொடங்கினால், யுஎல் 41, யுசிஹெச் 42, யுஒய் 41 என்று இருந்தால், அதன் சேசிஸ் நேராக மெயின்ஸில் நிற்கிறது. பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேசிஸே ஃபேஸ். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், காலை தண்ணீர் விட்டுத் துடைத்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று அதன் குமிழ் ஸ்க்ரூவைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ரகத்தை, மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்துவைக்கிற ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நான் மேஜையில் ஏற்றுவதே கிடையாது. எந்த செட்டாக இருந்தாலும் அணைத்தபிறகும் கண்டன்சரில் 300 வோல்ட் உட்கார்ந்திருக்கும், 2.2 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை நல்ல இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் மாட்டி வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டு, அப்புறம் கை வையுங்கள்.

செட் பாட ஆரம்பித்ததும் வீட்டுப் பிள்ளைகள் கேட்பது, போனிலிருந்து பாட்டுப் போட முடியுமா என்பது. தாராளமாக. அதற்காகச் சேசிஸில் ஓட்டை போட்டு ப்ளூடூத் பலகை வைக்க வேண்டாம். பின்னால் பிக்கப் என்று ரெக்கார்டு பிளேயருக்கான துளை இருக்கும், போனின் இடது வலது இரண்டு லைனையும் தலா 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒன்றாக்கி அதில் கொடுத்தால் போதும். பள்ளத்தூர் ஆச்சி வீட்டில் பேத்தி அப்படித்தான் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் 'யு' வால்வு செட்டில் மட்டும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வைக்காமல் அந்தத் துளையில் எந்தப் போனையும் மாட்டாதீர்கள்.